வியாழன்தான் பெரியது என்று யார் சொன்னார்கள்?

அன்புள்ள ஐயா,

நான் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். கோள்களின் ஆங்கிலப் பெயர்கள் எல்லாமே ரோமானியக் கடவுள்களின் பெயர்கள் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். செவ்வாய் ரத்தச் சிவப்பு, அதனால் போர்க்கடவுள் மார்ஸ். வியாழன் இருப்பதிலேயே பெரியது, அதனால் தேவராஜன் ஜூபிடர். பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "தொலைநோக்கி இல்லாத காலத்தில் அதுதான் பெரியது என்று அவர்களுக்கு எப்படி மிஸ் தெரியும்?" நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டேன். இன்னொரு சந்தேகம் என்னுடையது. அறிவியல் இவ்வளவு வளர்ந்த பிறகும் யுரேனஸ், நெப்டியூன் என்று ஏன் பழைய சாமி பெயர்களையே தேடிப் போனார்கள்?

ஒரு வாசகி
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள டீச்சர்,

முதலில் அந்தப் பையனுக்கு ஒரு சபாஷ். அவர்களுக்குத் தெரியாது என்பதுதான் பதில். வெறுங்கண்ணுக்கு எல்லாக் கோளும் ஒளிப்புள்ளிதான். பிரகாசத்தை வைத்துப் பட்டம் கட்டியிருந்தால் வெள்ளிக்குத்தான் கட்டியிருக்க வேண்டும். வியாழன் அதைவிட மங்கல். ஆனால் வெள்ளி சூரியனை விட்டு அதிகம் விலகாது. அந்தியிலோ விடியலிலோ தலைகாட்டிவிட்டுப் போய்விடும். வியாழனுக்கு அந்தக் கட்டு இல்லை. சில மாதங்களில் இரவு முழுக்க வானத்தில் நிற்கும், ராசி மண்டலத்தை ஏறக்குறைய பன்னிரண்டு வருஷத்தில் நிதானமாகச் சுற்றிவரும். ராஜா என்று சொல்ல எனக்கு இந்த நடையே போதும்.

அந்தப் பட்டத்தைக் கட்டியவர்களும் ரோமானியர்கள் இல்லை. கிரேக்கர்கள் ஆரம்பத்தில் கோள்களை அவற்றின் தோற்றத்தை வைத்துத்தான் அழைத்தார்கள். புதன் ஸ்டில்போன், அதாவது மினுங்குபவன். செவ்வாய் பைரோயிஸ், தீவண்ணன். வியாழன் ஃபேத்தோன், சுடர்பவன். வெள்ளிக்கு இரண்டு பெயர்: காலையில் ஃபாஸ்ஃபோரஸ், மாலையில் ஹெஸ்பெரஸ். இரண்டும் ஒன்றே என்று பிடிபடக் கொஞ்ச காலம் ஆயிற்று. நம் மொழியிலும் இதே கதைதானே? செவ்வாய் என்ற பெயரிலேயே சிவப்பு இருக்கிறது, வெள்ளியில் வெண்மை. புறநானூற்றில் கபிலர் சனியை 'மைம்மீன்' என்கிறார், கரிய மீன்.

கடவுள்கள் பாபிலோனிலிருந்து வந்தார்கள். வானத்தைப் பல நூற்றாண்டுகள் விடாமல் களிமண் பலகையில் குறித்துவைத்த ஊர் அது. அங்கே வியாழன் தலைமைக் கடவுளான மர்துக்குக்கு உரியது. வெள்ளி காதல் தெய்வம் இஷ்தாருக்கு, செவ்வாய் போரும் கொள்ளைநோயும் கொண்டுவரும் நெர்கலுக்கு, புதன் எழுத்தின் கடவுள் நபுவுக்கு. கிரேக்கர்கள் தங்கள் சாமிகளில் யாருக்கு எந்த ஜாடை என்று பார்த்துப் பொருத்தினார்கள்: சியுஸ், அஃப்ரோடைட்டி, ஏரிஸ், ஹெர்மிஸ். பிளேட்டோ காலத்து எழுத்திலேயே 'ஹெர்மிஸின் விண்மீன்' என்ற வழக்கு வந்துவிட்டது. ரோமானியர்கள் செய்தது கடைசி வேலை. அந்தப் பெயர்களை லத்தீனில் மாற்றினார்கள்: ஜூபிடர், வீனஸ், மார்ஸ், மெர்க்குரி. ஆக, தேவராஜன் பட்டம் பாபிலோனில் கட்டியது. அதுவே உண்மையிலும் பெரிய கோள் என்று பிற்பாடு தெரியவந்தது தற்செயல்.

சரி, உங்கள் சந்தேகத்துக்கு வருவோம். பழைய சாமிகளை யாரும் ஆசைப்பட்டுத் தேடிப் போகவில்லை. ராஜாக்களின் பெயரை வைக்கத்தான் முதலில் பார்த்தார்கள். 1610-இல் வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்ட கலீலியோ, ஃபிளாரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் பெயரை வைத்தார். 1801-இல் சிசிலியில் செரஸ் என்ற குறுங்கோளைக் கண்ட வானியலாளர் பியாஸி, செரஸ் என்ற ரோமானிய தேவியின் பெயரோடு கூடவே மன்னர் ஃபெர்டினாண்டின் பெயரையும் ஒட்டிவைத்தார். ஒட்டு உதிர்ந்துவிட்டது, தேவி மட்டும் மிச்சம்.

இதில் எனக்குப் பிடித்த கூத்து யுரேனஸ். 1781 மார்ச் 13 இரவு, இங்கிலாந்தின் பாத் நகரில், வில்லியம் ஹெர்ஷல் தன் கையால் செய்த தொலைநோக்கியில் அதைப் பார்த்தார். தொழிலால் இசைக்காரர், தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். முதலில் வால்நட்சத்திரம் என்றே நினைத்தார். கோள் என்று உறுதியானதும் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் 'ஜார்ஜின் விண்மீன்' என்றார். மன்னர் அவருக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு சம்பளம் கொடுத்தார். ஆனால் அடுத்த நாட்டுக்காரன் ஏன் இங்கிலாந்து ராஜாவின் பெயரைச் சொல்ல வேண்டும்? பிரான்ஸில் வானியலாளர் லலாந்த், 'ஹெர்ஷல்' என்றே வைக்கலாம் என்றார். பெர்லினில் வானியலாளர் போடே வேறு கணக்குப் போட்டார். மார்ஸின் அப்பா ஜூபிடர், ஜூபிடரின் அப்பா சாட்டர்ன் (நம் சனி); அப்படியானால் அதற்கும் அப்பால் இருப்பது சாட்டர்னின் அப்பாவாகத்தானே இருக்க வேண்டும்? அதுதான் யுரேனஸ். 1789-இல் வேதியியலாளர் கிளாப்ரோத் தான் கண்டுபிடித்த தனிமத்துக்கு யுரேனியம் என்று பெயர் வைத்ததும் இந்தப் பெயருக்குக் கைகொடுக்கத்தான். ஆங்கிலேயர்கள் மட்டும் விடவில்லை. அவர்களின் கடற்பயணப் பஞ்சாங்கம் 1850 வரை 'ஜார்ஜியன்' என்றே அச்சிட்டது.

உங்கள் பாடத்தில் ஒரு திருத்தமும் இங்கே இருக்கிறது. யுரேனஸ் ரோமானியப் பெயர் இல்லை. கிரேக்க யுரனோஸ்தான் அது. ரோமானியப் பெயர் வேண்டுமென்றால் கேலஸ் என்று வைத்திருக்க வேண்டும். போடே இந்த வரிசையைத் தானே உடைத்துவிட்டார். (மகன் சாட்டர்ன் அரிவாளால் அப்பா யுரேனஸை என்ன செய்தான், கடல் நுரையிலிருந்து அஃப்ரோடைட்டி எப்படிப் பிறந்தாள் என்ற கதையை மட்டும் ஆறாம் வகுப்பில் எடுக்க வேண்டாம்.)

நெப்டியூன் கதையில் ராஜா இல்லை, கண்டுபிடித்தவரே நின்றார். பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே காகிதத்தில் கணக்குப் போட்டு இடத்தைச் சொல்ல, 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லினில் வானியலாளர் காலே அதைப் பார்த்துவிட்டார். நெப்டியூன் என்று முதலில் சொன்ன லெவெரியேவுக்குப் பிறகு ஆசை வந்துவிட்டது, தன் பெயரையே வைக்க வேண்டும் என்று. தனியாகத் தெரியக் கூடாது என்பதற்காக யுரேனஸையும் 'ஹெர்ஷல்' என்று எழுத ஆரம்பித்தார்! பிரான்ஸுக்கு வெளியே யாரும் மசியவில்லை. செத்துப்போன மதத்தின் சாமிக்கு ஒரு வசதி: அதற்காகச் சண்டை போட இன்று ஒரு நாடும் இல்லை.

புளூட்டோவை 2006-இல் குறுங்கோள் ஆக்கிவிட்டாலும் அதை வகுப்பில் விட்டுவிடாதீர்கள். 1930 மார்ச் 14, ஆக்ஸ்போர்டில் ஒரு வீட்டில் காலைச் சாப்பாட்டு நேரம். புதிய கோள் கிடைத்த செய்தியைப் பேப்பரில் பார்த்துத் தாத்தா வாசிக்கிறார். பேத்தி வெனிஷியா பர்னி, "புளூட்டோ என்று வைக்கலாமே" என்கிறாள். இருட்டில் கிடக்கும் பாதாள உலகத்தின் அரசன். தாத்தா தனக்குத் தெரிந்த வானியல் பேராசிரியரிடம் சொல்ல, அவர் அமெரிக்காவுக்குத் தந்தி அடித்தார். அந்தக் கோளைக் கண்டுபிடித்த லோவல் ஆய்வகத்தில் இந்தப் பெயர் பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு: ஆங்கிலத்தில் அதன் முதல் இரண்டு எழுத்துகள், ஆய்வகத்தை நிறுவிய பெர்சிவல் லோவலின் முதலெழுத்துகள். ஒரு மனிதனின் பெயர் கடைசியில் சாமி வேஷத்தில் உள்ளே போய்விட்டது.

தாத்தா பேத்திக்கு ஐந்து பவுண்டு நோட்டு ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். அவளுக்கு அப்போது வயது பதினொன்று. உங்கள் பின் பெஞ்ச் பையனுக்கும் அதே வயதுதான் இருக்கும்.