ஐந்து நாள் தாக்குப்பிடித்தவர்கள்

கேள்வி: 'ஜாடோவில் முற்றுகை' படத்தை ஓடிடியில் பார்த்தேன். கடைசியில் ஆயுதத்தைப் போட்டுவிட்டுச் சரணடைந்தவர்களை மாவீரர்களாகக் காட்டியிருக்கிறார்கள். இது அயர்லாந்துக்காரர்களின் சுயதம்பட்டம் அல்லவா?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: சுயதம்பட்டம் என்றால், அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட காலம் மிக அதிகம். 1961 செப்டம்பரில் காங்கோ நாட்டின் ஜாடோவில் நகரில் நடந்த சண்டைக்காக, ஐ.நா. அமைதிப்படையின் பகுதியாக அங்கே இருந்த அந்த அயர்லாந்துப் படைப்பிரிவுக்கு அதிகாரபூர்வப் பாராட்டு கிடைத்தது 2016-இல். பதக்கம் அதற்கும் அடுத்த ஆண்டு. தலைமை தாங்கிய பாட் குவின்லன் 1997-லேயே காலமாகிவிட்டார். இடைப்பட்ட காலமெல்லாம், நீங்கள் இப்போது கேட்கும் இதே கேள்வியைக் கேட்டுத்தான் சொந்த ராணுவத்துக்குள்ளேயே அவர்களைக் கூனிக்குறுக வைத்தார்கள். 'ஜாடோவில்' என்ற ஊர்ப்பெயரே பாசறைகளில் வசைச்சொல்லாகப் புழங்கியது.

அவர்கள் எந்த நிலையில் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். காங்கோவிலிருந்து பிரிந்து நின்ற கட்டாங்கா மாகாணத்தில் ஐ.நா. படை தொடங்கிய நடவடிக்கைக்கான பதிலடி, தலைமையகத்திலிருந்து வெகுதூரத்தில் தனித்து விடப்பட்டிருந்த இந்த நூற்றைம்பது சொச்சம் பேரின் தலையில் விழுந்தது. காலைத் திருப்பலியில் பலர் இருந்த நேரம் பார்த்துத் தாக்குதல் தொடங்கியது. எதிரே பல மடங்கு கட்டாங்கா படையினரும் ஐரோப்பியக் கூலிப்படையினரும். மேலே குண்டு வீச ஒரு ஜெட் விமானம். மீட்க வந்த படை, இரண்டாம் முறை இந்தியக் கூர்க்கா வீரர்களும் சேர்ந்து வந்தும், வழியில் இருந்த லுஃபிரா ஆற்றுப் பாலத்தைக் கடக்க முடியாமல் திரும்பியது. ஒரே ஒரு ஹெலிகாப்டர் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்து இறக்கிய தண்ணீரோ, பெட்ரோல் கேன்களில் நிரப்பப்பட்டிருந்ததால் வாயில் வைக்க முடியாததாக இருந்தது. தோட்டாவும் தண்ணீரும் தீர்ந்த பிறகே குவின்லன் சரணடைந்தார். அவர் முன்கூட்டியே பதுங்குகுழி தோண்டச் சொல்லியிருந்ததால் ஐந்து பேர் காயமடைந்ததோடு சரி, ஒருவர்கூடச் சாகவில்லை. அவர்களில் பாதிப் பேர் செத்திருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியை எழுதியிருக்கவே மாட்டீர்கள்.

படத்தில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. ஐ.நா. பிரதிநிதி கானர் குரூஸ் ஓ'பிரையனை ஏறக்குறைய வில்லனாக்கியது கதைக்கு வசதி. ஆனால் இவர்களைத் தனித்துத் தவிக்கவிட்ட பழி ஒருவர் தலையோடு முடிகிற விஷயமல்ல அது. அதைவிட, அந்த மண்ணுக்கு உரிய காங்கோ மக்கள், அலையலையாக ஓடிவந்து சுடப்பட்டு விழுகிறவர்களாக மட்டுமே வருகிறார்கள். முகமோ பெயரோ அவர்களுக்குக் கிடையாது. அதைப் பற்றிக் கேட்டிருந்தால் உங்கள் பக்கம் நின்றிருப்போம்.