4294967297 பகா எண்ணா? என் நிரல் 'இல்லை' என்கிறது, நம்பலாமா?

விடை சரி. நிரலை மட்டும் நம்பாதீர்கள். இதே எண்ணில் தப்பான வழியில் சரியான விடைக்குப் போய்ப் பாராட்டு வாங்கியவன் நான்.

கல்லூரி லேப். 2-ஐ 32 முறை பெருக்கி 1 கூட்டினால் வருவது பகா எண்ணா என்று நிரல் எழுதிச் சொல்ல வேண்டும். என்னுடையது ஓட்டியதுமே 'இல்லை' என்றது. முழு மதிப்பெண். பக்கத்து இருக்கைத் தோழியின் நிரல் 'ஆமாம்' என்றது, அவளுக்குத் திட்டு.

அன்றிரவு, எந்த எண்ணால் வகுபட்டது என்று அச்சிட்டுப் பார்த்தால் ஒன்றும் வரவில்லை. எண்ணை வைத்திருக்கும் மாறிக்குள் (variable) இருந்தது வெறும் 1! அந்த மாறிக்கு 32 பிட், அதாவது 32 இரும இலக்கம்தான் இடம். அதில் 4294967295 வரைதான் கொள்ளும். அதைத் தாண்டினால் மறுபடி சைபர். 1 பகா எண் இல்லை என்பதைத்தான் என் நிரல் அவ்வளவு வேகமாகக் கண்டுபிடித்திருக்கிறது. (1 ஏன் பகா எண் இல்லை என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், வரையறையே அப்படித்தான்.) உங்கள் மாறி எத்தனை பிட் என்று முதலில் பாருங்கள்.

தோழி போட்டிருந்தது ஃபெர்மா சோதனை. ஓர் ஒற்றைப்படை எண் பகா எண்ணாக இருந்தால், 2-ஐ அதைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி அதே எண்ணால் வகுக்கும்போது மீதி 1 வரும். வம்பு என்னவென்றால், இந்த எண் பகா எண்ணாக இல்லாமலே அதில் தேறிவிடும். 2-க்குப் பதில் 3 வைத்திருந்தால் மாட்டியிருக்கும். யோசித்து எழுதியவள் அவள்தான். நான் வாய் திறக்கவில்லை, இன்றுவரை உறுத்துகிறது.

அந்தச் சோதனைக்குப் பெயர் தந்த கணித மேதை ஃபெர்மாவே இதில் சறுக்கியவர்தான். 2-ஐ 1, 2, 4, 8, 16 என்ற அடுக்குகளுக்கு உயர்த்தி 1 கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்கள், அடுத்து வரும் இதுவும் அப்படியே என்று நம்பினார். 1732-இல் ஆய்லர் என்ற கணிதர் 641 × 6700417 என்று உடைத்துவிட்டார். இதன் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கோடு 1 சேர்ந்ததாகவே இருக்கும் என்றும் பிற்பாடு நிறுவினார். அந்த வரிசையில் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, நான்கும் வகுக்காது. ஐந்தாவது 641.

கணினியே வேண்டாம் என்றால்: 641 = 5 × 128 + 1. 128 என்பது 2^7, அதாவது 2-இன் ஏழாம் அடுக்கு. ஆகவே 5 × 2^7-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1 (641-க்கு ஒன்று குறைகிறது என்று பொருள்). நான்காம் அடுக்குக்கு உயர்த்துங்கள், 5^4 × 2^28-க்கு மீதி 1. ஆனால் 641 = 625 + 16 என்பதால் 5^4 இருக்கும் இடத்தில் −2^4 போடலாம். −2^32-க்கு மீதி 1, அதாவது 2^32 + 1 மீதியில்லாமல் வகுபடும். 'கணக்குப் படித்தவனுக்கு இது கூடவா தெரியாது' என்பவர்களுக்கு: அன்று எனக்குத் தெரியாது.

சம்பந்தமில்லாத இன்னொரு எரிச்சல். சில மின்நூல்களில் 2-இன் தலைமேல் இருக்க வேண்டிய 32 கீழே இறங்கி 232 ஆகிவிடுகிறது. அதைப் படித்துவிட்டு ஒருவர், '232 + 1 பகா எண்தானே, கண்ணெதிரே தெரிகிறதே' என்று என்னிடம் அரை மணி நேரம் வாதாடினார். 233 பகா எண்தான். அதில் எனக்கும் அவருக்கும் தகராறே இல்லை.