யூரியாவைக் கடைசியில் விடுங்கள்

அன்புள்ள ஐயா,

மண்வளம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிப்பவன். போன பருவத்தில் யூரியா, பூச்சிமருந்து இரண்டையும் அடியோடு நிறுத்தினேன். வைக்கோலை மடக்கி உழுது உடனே நெல் நட்டேன். பயிர் மஞ்சளித்தது, விளைச்சல் பாதிகூடத் தேறவில்லை. சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். ரசாயனம் இல்லாத விவசாயம் பேச்சுக்கு மட்டும்தானா?

ர.

அன்புள்ள ர.,

பயிர் மஞ்சளித்ததற்கு வைக்கோலும் ஒரு காரணம். அதில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) அறுபது, எண்பது பங்கு கரிமச்சத்து (கார்பன்) இருக்கும். அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்ளும். மட்கிய பிறகுதான் பயிருக்கு அது திரும்பக் கிடைக்கும். 46 சதவீதம் தழைச்சத்துள்ள யூரியாவையும் அதே பருவத்தில் நிறுத்திவிட்டீர்கள். பயிர் பட்டினி கிடக்காமல் என்ன செய்யும்?

இந்த அவசரத்தில் ஒரு நாடே இறங்கியது. 2021 ஏப்ரலில் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதிக்குத் தடை என்று அறிவித்தது. மாற்று உரம் போதிய அளவு இல்லை. நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்குள் நஷ்டம் விவசாயி தலையில் விழுந்துவிட்டது. நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

இந்தோனேசியா மறுமுனையில் தொடங்கியது. மருந்து அடிக்க அடிக்க அங்கே நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி பெருகியது. அதைத் தின்னும் சிலந்திகளையும் மருந்து கொன்றுவிட்டது. 1986-இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தார்கள். பின்னர் விவசாயிகளை வயலிலேயே உட்காரவைத்து, எது பயிரைத் தின்னும், எது அந்தப் பூச்சியைத் தின்னும் என்று பழக்கினார்கள். நெல் உற்பத்தி சரியவில்லை.

அதனால், நீங்களும் முதலில் மருந்தை விடுங்கள். யூரியாவைப் படிப்படியாகக் குறைத்துக் கடைசியில் விடுங்கள். மண் தேற வருஷங்கள் ஆகும். இடைப்பருவத்தில் பயறுவகைப் பசுந்தாள் உரப்பயிர் விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுங்கள். உழுமுன் நாலைந்து இடத்தில் செடியை மண்ணோடு தோண்டியெடுத்து, வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், காற்றிலுள்ள தழைச்சத்து மண்ணுக்கு வந்துகொண்டிருக்கிறது. யூரியாவைக் கொஞ்சம் குறைக்கலாம். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் இப்போதைக்குக் குறைக்க வேண்டாம். அடுத்த முறை, அந்த வேர்முடிச்சை உண்டாக்கும் ரைசோபியம் நுண்ணுயிரை விதையோடு கலந்து விதைநேர்த்தி செய்து விதையுங்கள்.

வைக்கோலைக் கைவிடாதீர்கள், கொளுத்தவும் வேண்டாம். மட்கவைத்துப் போடுங்கள், அல்லது நடவுக்குச் சில வாரங்கள் முன்பே உழுதுவிடுங்கள். இதையெல்லாம் நிலம் முழுக்கச் செய்யாமல் ஒரு துண்டில் ஆரம்பியுங்கள். மற்றதில் வரும் விளைச்சல் குடும்பத்தைத் தாங்கட்டும்.

அன்புடன்