டிஆர்எக்ஸில் வேலை: குடும்பத்தோடு எந்தப் பக்கம் வீடு எடுப்பது?

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து வேலை மாற்றலாகிக் கோலாலம்பூர் வருகிறேன். அலுவலகம் துன் ரசாக் எக்ஸ்சேஞ்ச் (டிஆர்எக்ஸ்) வளாகத்தில். மனைவியும் ஏழு வயது மகளும் உடன் வருகிறார்கள். வாடகைக்கு மாதம் 2,000 ரிங்கிட் வரை கொடுக்க முடியும். உடனே கார் வாங்கும் எண்ணம் இல்லை. தமிழர்கள் நிறைய இருக்கும் ஊர் என்பதால் கிள்ளானில் வீடு பார்க்கச் சொல்கிறார்கள் உறவினர்கள். அது சரிவருமா?

பதில்: உங்கள் நிலையில் கிள்ளான் வேண்டாம். ஊரில் ஒரு குறையும் இல்லை. ஜாலான் தெங்கு கிளானா நெடுக நம் கடைகள்தாம். பூ, துணி, மளிகை, நகை எல்லாம் நடக்கும் தூரத்தில் கிடைக்கும். சிக்கல் பயணத்தில். கிள்ளானிலிருந்து கேடிஎம் கொமுட்டர் என்ற புறநகர் ரயிலில், நகரின் மைய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரல் வர ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கும். அங்கே இறங்கி, இணைப்பு நடைபாதை வழியாக மியூசியம் நெகாரா நிலையத்துக்கு நடந்து, எம்ஆர்டி எனும் மெட்ரோ ரயிலில் ஏற வேண்டும். கொமுட்டர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வரும் வண்டியும் இல்லை. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு இருபது நிமிடம், அரை மணி என்று நிற்க நேரும். வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல்வரை ஒன்றரை மணி நேரம் என்றே கணக்கு வையுங்கள். போக வர மூன்று மணி நேரம். மகள் விழிக்குமுன் கிளம்பி, அவள் தூங்கப்போகும் நேரத்தில் திரும்புவீர்கள்.

ஷா ஆலம் எல்ஆர்டி (இலகு ரயில்) தடம் கிள்ளானைத் தொடுகிறதே என்று யாராவது சொல்லலாம். அதன் திறப்புத் தேதி பலமுறை தள்ளிப்போனது. அது பண்டார் உத்தாமாவில் முடிகிற தடம். டிஆர்எக்ஸ் வர அங்கே மாறித்தான் ஆக வேண்டும்.

ஊரை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு ரயிலைத் தேடுவதுதான் புதிதாக வருபவர்கள் வழக்கமாகச் செய்வது. அதைத் திருப்பிப் போடுங்கள். அலுவலக நிலையத்தில் எந்தத் தடம் நிற்கிறது என்று பாருங்கள், அந்தத் தடத்தின் மேலேயே வீடு தேடுங்கள். உங்களுக்கு இதில் நல்ல வசதி. டிஆர்எக்ஸில் காஜாங் தடம், புத்ராஜெயா தடம் என இரண்டு எம்ஆர்டி தடங்களும் சந்திக்கின்றன. ஆகவே நான்கு திசையிலும் மாறாமல் போகும் வீடு கிடைக்கும்.

நாங்கள் முதலில் பார்க்கச் சொல்வது செந்தூல். ரயில்வே பட்டறைக் காலத்திலிருந்தே தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றிய இடம். கோயில், மளிகை, சாப்பாட்டுக் கடை எதற்கும் அலைய வேண்டாம். புத்ராஜெயா தடத்தில் செந்தூல் பாராட்டில் ஏறினால் ஏழாவது நிலையம் டிஆர்எக்ஸ். ஆனால் 'செந்தூல்' என்று விளம்பரத்தில் பார்த்ததும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ரயில் பணிமனை நிலம் நடுவில் கிடந்து ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. செந்தூல் பாராட் எம்ஆர்டி மேற்குப் பக்கம், பழைய ஜாலான் ஈப்போவை ஒட்டி இருக்கிறது. நம் கடைகளும் பண்டார் பாரு செந்தூல் வீடுகளும் கிழக்கே. கிழக்கில் வீடு எடுத்தால் செந்தூல் அல்லது செந்தூல் திமூர் எல்ஆர்டியில் ஏறி, தித்திவங்சாவில் எம்ஆர்டிக்கு மாறுங்கள். செந்தூலுக்கு அடுத்த நிலையமே தித்திவங்சாதான். அந்த ஒரு மாற்றம் பெரிய தொந்தரவு இல்லை. நடந்தே எம்ஆர்டிக்குப் போய்விடலாம் என்று தரகர் சொன்னால் மட்டும் நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் இன்னும் அருகில். கேஎல் சென்ட்ரலுக்குள் நடந்து மியூசியம் நெகாராவில் ஏறினால் நான்காவது நிலையம் டிஆர்எக்ஸ். ஆனால் 2,000 ரிங்கிட்டுக்கு அங்கே கிடைப்பது பெரும்பாலும் பழைய அடுக்ககம் அல்லது சிறிய வீடு. இரவிலும் சத்தம் அடங்காத தெருக்கள் உண்டு. குழந்தை விளையாட இடம் முக்கியம் என்றால் செராஸ் பக்கம் போகலாம்: காஜாங் தடத்தில் தாமான் மிடா, தாமான் முத்தியாரா, தாமான் கொன்னாட். அங்கே தமிழ்க் கடைகள் குறைவு. வாடகைக்குக் கிடைக்கும் பரப்பு கூடுதல். தடத்தின் கடைசியான காஜாங்கில் ஏறினால் காலையில் உட்கார இடம் உறுதி, நிலையங்கள் பதினான்கு என்றாலும். சுபாங் ஜெயா, பூச்சோங் இரண்டும் நல்ல குடியிருப்புகள்தாம், உங்களுக்கு மாற்றம் இல்லாத பயணம் பெரும்பாலும் அமையாது என்பதே தடை.

பயணச் செலவில் ஒன்று. மாதம் 50 ரிங்கிட் கட்டினால் ரேப்பிட் கேஎல் வண்டிகளில் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம் என்று உறவினர்கள் சொல்லியிருக்கக்கூடும். அந்த மை50 அட்டை மலேசியக் குடிமக்களுக்கு மட்டும். நீங்கள் டச் என் கோ என்ற, முன்கூட்டியே பணம் ஏற்றும் அட்டையில் ஒவ்வொரு பயணத்துக்கும் கட்ட வேண்டும். மாதம் 22 வேலை நாள் என்றால் 44 பயணம். தூரத்து ஊரில் வாடகை 200 ரிங்கிட் குறைகிறது என்று மகிழுமுன் அந்த 44-ஐக் கட்டணத்தால் பெருக்கிப் பாருங்கள்.

நிலையத்திலிருந்து வீடுவரை உள்ள கடைசி ஒரு கிலோமீட்டரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வரைபடத்தில் 400 மீட்டர் என்றிருக்கும். நடுவில் ஆறு வழி நெடுஞ்சாலை ஓடும். செராஸ்–காஜாங் நெடுஞ்சாலையோரத்து நிலையங்களில் இது சாதாரணம். வாசல் எந்தப் பக்கம், மேம்பாலம் எங்கே, மேற்கூரை எதுவரை என்று நேரில் பார்க்க வேண்டும். வார நாளில் காலை ஏழு மணிக்கு ஒருமுறை, மழை கொட்டும் மாலையில் ஒருமுறை நடங்கள். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை இடிமழை கிட்டத்தட்ட தினசரி வழக்கம். நடக்க முடியாத தூரம் என்றால் ஒரு ரிங்கிட் கட்டணத்தில் இணைப்புப் பேருந்து உண்டு. ஆனால் அதற்குக் காத்திருக்கும் நேரம் ரயிலில் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும். எங்கள் எல்லை பத்து நிமிட நடை.

பள்ளியை வீட்டுக்கு முன்பே பேசி முடியுங்கள். வெளிநாட்டவர் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் தனி அனுமதி வேண்டும், இடமும் காலியிருக்க வேண்டும். உங்களைப் போல் வருபவர்கள் பெரும்பாலும் சிபிஎஸ்இ அல்லது பிற அனைத்துலகப் பள்ளியைத்தான் நாடுகிறார்கள். பள்ளி வேன் எந்தத் தாமான் (குடியிருப்பு) வரை வரும், எத்தனை மணிக்கு ஏற்றும் என்று பள்ளியிடமே கேளுங்கள். நீங்கள் ரயிலில் சுகமாகப் போக, குழந்தை ஒரு மணி நேரம் வேனில் சுற்றும்படி ஆகிவிடக் கூடாது.

மனம் வலிக்கும் ஒன்றையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வாடகை விளம்பரங்களில் குறிப்பிட்ட இனத்தவருக்கு மட்டும் என்று எழுதுவது இங்கே இன்னும் நடக்கிறது. எழுதாத உரிமையாளரும் வீட்டைக் காட்டியபின் மறுக்கலாம். இது அநியாயம். அதற்காக உங்கள் விடுமுறை நாட்கள் வீணாக வேண்டாம்: தரகரிடம் முதல் செய்தியிலேயே இந்தியக் குடும்பம், மூன்று பேர், தினமும் சமைப்போம் என்று எழுதி, உரிமையாளர் சம்மதம் வந்தபின் பார்க்கப் போங்கள். தாளிப்பு, பொரியல் எல்லாம் உண்டு என்பதால் புகைபோக்கியும் தனிச் சமையலறையும் உள்ள வீடாகப் பாருங்கள். வரவேற்பறையோடு ஒட்டிய திறந்த அடுப்பு பிற்பாடு வைப்புத்தொகைச் சண்டையில் முடியும்.

தரகர் பதிவு பெற்றவரா என்பதை அவர் அணியும் அடையாள அட்டையின் எண்ணை வைத்துச் சரிபாருங்கள். பணத்தை நிறுவனக் கணக்கில் மட்டும் கட்டுங்கள். தனிநபர் கணக்கு கேட்டால் விலகிவிடுங்கள். வழக்கமாக இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை. 2,000 ரிங்கிட் வீட்டுக்கு இது 4,000, 1,000, 2,000 என மொத்தம் 7,000 ரிங்கிட். முதல் சம்பளம் வருமுன் இது கையில் வேண்டும். ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டாயம்; ஓராண்டு ஒப்பந்தத்தில் ஆண்டு வாடகையின் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 1 ரிங்கிட், அதாவது உங்களுக்கு 96. ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டுவரை என்றால் 250-க்கு 3 ரிங்கிட், 288. முத்திரையிடாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது.

ஈராண்டு போட்டால் ஒரு விதியை விடாமல் கேளுங்கள்: நாட்டைவிட்டு மாற்றலானாலோ வேலை அனுமதி ரத்தானாலோ, முதல் ஆண்டு முடிந்தபின் இரண்டு மாத முன்னறிவிப்போடு வைப்புத்தொகை இழக்காமல் வெளியேறலாம் என்பது. தரகர்கள் இதை டிப்ளமேட்டிக் கிளாஸ் என்பார்கள். கையெழுத்துக்குமுன் கேட்டால் பலர் ஒப்புக்கொள்வார்கள்.

வெள்ளம் பற்றிக் காவலாளியிடமும் பக்கத்துக் கடைக்காரரிடமும் விசாரியுங்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. குழாய்த் தண்ணீர் தடைப்படும் நாட்களும் உண்டு, கட்டடத் தொட்டி எத்தனை நாள் தாங்கும் என்று மேனேஜ்மெண்டில் கேளுங்கள். சாவி வாங்கும் அன்றே சுவர், ஏர்கான், குளியலறை என ஒவ்வோர் அறையையும் தேதியோடு படமெடுத்து, மின்சார, தண்ணீர் மீட்டர் எண்களையும் சேர்த்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். வீட்டைக் காலிசெய்யும்போது வைப்புத்தொகையைக் கேட்க அதுவே உங்கள் கையிலுள்ள ஆதாரம்.