சிப்பிப்பாறையை ஃபிளாட்டில் வளர்க்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வேளச்சேரியில் மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை ஃபிளாட். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். மகனுக்குச் சிப்பிப்பாறை நாய்தான் வேண்டுமாம், மகள் ஹஸ்கி என்கிறாள். எதை வாங்கலாம்? – வாசகர், சென்னை

பதில்: ஹஸ்கியை முதலிலேயே விட்டுவிடுங்கள். சைபீரியாவில் பனிவண்டி இழுத்த இனம், இரண்டு அடுக்கு முடி. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் அந்த இரைப்பும் பெரிதாகக் கைகொடுக்காது. ஏ.சி. போட்டுவிடுவோம் என்பீர்கள், சரி, மே மாதம் மத்தியானம் கரண்ட் போய், நீங்கள் இருவரும் ஆபீசில் இருந்தால்? முடியை ஒட்ட வெட்டிவிடுங்கள் என்று சிலர் சொல்வார்கள், அதையும் கேட்காதீர்கள், வெயில் நேராகத் தோலில் படாமல் காப்பதே அந்த முடிதான். மூக்கு சப்பையான பக், புல்டாக் இரண்டுக்கும் இதே சிரமம் உண்டு, அவற்றுக்குக் காரணம் முடி இல்லை, குறுகலான மூச்சுப்பாதை.

சிப்பிப்பாறைக்கு வெயில் பிரச்சினையே இல்லை. விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல் காட்டில் முயல் விரட்டிய நாய். குட்டை முடி, வாடை குறைவு, சாப்பாடும் அளவோடுதான். நான் வளர்த்தது அதற்கு மிக நெருங்கிய சொந்தமான கன்னி, கருப்பு உடம்பும் பழுப்புக் காலுமாக ஒரு பெட்டை, பெயர் சுந்தரி. வீட்டுக்குள் அவ்வளவு சாது, பகல் முழுக்கக் கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கும், இருக்கிற இடமே தெரியாது. ஆனால் வாசலைத் தாண்டினால் வேறு நாய். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பும் இனம் இது, அசைகிற எதையும் துரத்தும், துரத்த ஆரம்பித்துவிட்டால் நீங்கள் கூப்பிடுவது காதில் ஏறாது. ஒரு நாள் காலையில் பூனை ஒன்று குறுக்கே ஓட, சுந்தரி ஒரே இழுப்பில் கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு போய்விட்டது. என் கையில் வெறும் கயிறும் பட்டையும்தான். மூன்று தெரு தள்ளி, பால் வண்டிக்குக் கீழே படுத்துக்கொண்டு இரைத்துக்கொண்டிருந்தது, முன்னங்கால் நகம் இரண்டு பெயர்ந்து ரத்தம். இந்த இனங்களின் தலை ஒடுக்கமானது, கழுத்துக்கும் தலைக்கும் பருமனில் பெரிய வித்தியாசம் இருக்காது, அதனால் சாதாரணப் பட்டை நிற்காது என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. அகலமாக, இழுத்தால் இறுகுகிற பட்டையோ, நெஞ்சோடு சேர்த்துக் கட்டுகிற ஹார்னெஸோ வாங்குங்கள். சுற்றுச்சுவர் இல்லாத இடத்தில் ஒருபோதும் அவிழ்த்து விடாதீர்கள்.

அப்புறம் ஒன்று. விலா எலும்பு தெரிகிறதே, சோறு போடுவதில்லையா என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். அதன் உடல்வாகே அதுதான், யார் பேச்சையும் கேட்டுக் கொழுக்க வைத்துவிடாதீர்கள்.

ஆக, ஃபிளாட்டில் வளர்க்க முடியும். ஆனால் காலையும் மாலையும் முக்கால் மணி நேரமாவது நடக்கவிட வேண்டும், வாரத்தில் சில நாளாவது ஓட இடம் வேண்டும். காலை ஐந்தரைக்கு எழுந்து கயிற்றைப் பிடிக்கப் போவது யார்? மகன் என்றால் அவனைக் குட்டி வருவதற்கு முன் ஒரு மாதம் தினமும் அந்த நேரத்துக்கு எழுந்து நடக்கச் சொல்லுங்கள், முடிந்தால் வாங்குங்கள். முடியவில்லை என்றால், உங்கள் தெருவிலேயே பிறந்த ஒரு குட்டியை எடுத்து வளருங்கள். அதற்கும் தினசரி நடை உண்டு, ஆனால் நம் வெயிலும் மழையும் அதற்குப் பழக்கம், நாள் முழுக்க ஓடவிட வேண்டிய வேகமும் அதற்கு இருக்காது.

கேள்வி: ராஜபாளையம் குட்டி வாங்கி ஒரு வாரம் ஆகிறது, இப்போது 50 நாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. விற்றவரைக் கேட்டால், இந்த இனத்துக்குப் பிடிவாதம் அதிகம், போகப்போகச் சரியாகும் என்கிறார். – வாசகி, கோவில்பட்டி

பதில்: பிடிவாதமாக இருக்கலாம், ஆனால் முதலில் காது கேட்கிறதா என்று பாருங்கள். குட்டி தூங்கும்போது, அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டுங்கள். பக்கத்தில் போய்க் கைதட்ட வேண்டாம், காற்று பட்டோ தரை அதிர்ந்தோ விழித்துக்கொண்டால் கேட்டதாக நினைத்துவிடுவீர்கள். வேறு வேறு நேரத்தில் நாலைந்து முறை பார்த்துவிட்டு, காது கூட அசையவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

முழு வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் ராஜபாளையத்தின் அடையாளம், 2005-ல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட தபால்தலையிலும் இந்த இனம் இருக்கிறது. ஆனால் தோலுக்கு நிறம் தருகிற அதே செல்கள் உட்காதுக்குள்ளும் இருந்தால்தான் அங்கே ஒலியை உணரும் செல்கள் பிழைக்கும். அவை இல்லாத குட்டிக்குப் பிறந்த சில வாரத்திலேயே கேட்கும் சக்தி போய்விடும், சிலதுக்கு ஒரு காது மட்டும் போகும். டால்மேஷியனுக்கும் இதே கதைதான். வெள்ளை கெடக்கூடாது என்று நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப இணை சேர்ப்பது இதை இன்னும் கூட்டுகிறது, இதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு.

ஒருவேளை கேட்கவில்லை என்றாலும் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். நாய் நம் வாயைவிடக் கையைத்தான் அதிகம் கவனிக்கும். உட்காருவதற்கு ஒரு சைகை, வருவதற்கு ஒரு சைகை, நன்றாகச் செய்தால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டி ஒரு துண்டு சிக்கன். தூங்கும்போது மட்டும் திடீரென்று தொடாதீர்கள், மூக்குக்கு முன்னால் கையை நீட்டி, வாசனையில் விழித்த பிறகு தொடுங்கள். வளர்ந்ததும் கருத்தடை செய்துவிடுங்கள், இந்தக் குறை அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எட்டு வாரம், அதாவது 56 நாள் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017-ல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. உங்களிடம் 43 நாளிலேயே கொடுத்திருக்கிறார். கடிக்கும்போது எவ்வளவு அழுத்தலாம் என்பதைக் குட்டி தன் தாயிடமும் கூடப் பிறந்ததுகளிடமும் கற்றுக்கொள்கிற வாரங்கள் அவை. பார்வோ என்கிற வைரஸ் நோய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள், அட்டையே தரவில்லை என்றால் போடவில்லை என்றே எடுத்துக்கொண்டு நாளைக்கே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். எங்கள் பொமரேனியனுக்குத் தயிர்சாதம் மட்டும் கொடுத்தால் போதாதா? – வாசகி, கும்பகோணம்

பதில்: போதாது, அதில் புரதம் மிகக் குறைவு. முட்டையாவது கொடுங்கள், அதுவும் முடியாது என்றால் நல்ல தரமான நாய் உணவைக் கலந்து கொடுங்கள். மீந்த சாம்பார், வெங்காயச் சட்னி கூடவே கூடாது, வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த சிவப்பணுவை உடைக்கும். உங்கள் வீட்டில் கேசரி, பாயசம் அடிக்கடி இருக்கும் என்பதால் சொல்கிறேன், அதில் போடுகிற உலர்திராட்சை சில நாய்களுக்குச் சிறுநீரகத்தையே செயலிழக்க வைத்துவிடும். சாக்லேட்டும் விஷம். காய்ச்சல் என்று பாராசிட்டமாலைப் பாதி உடைத்துக் கொடுக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் நாயின் பல் விளையாடும்போது மகளின் கையில் லேசாகக் கீறிவிட்டது, துளி ரத்தம். நாய்க்கு வருடா வருடம் தடுப்பூசி போடுகிறோம். மகளுக்கு ஊசி தேவையா? பாட்டி சுண்ணாம்பு வைத்தார். – வாசகர், ஈரோடு

பதில்: இதைப் படித்ததும் எழுந்து டாக்டரிடம் போங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதுவும் வைக்கக்கூடாது. கீறல் பட்டவுடன் குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், கடிகாரத்தைப் பார்த்தே கழுவுங்கள். வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்ற வழி கிடையாது, வராமல் தடுக்க நிச்சயமான வழி இருக்கிறது. நாய்க்குப் போட்ட ஊசியை நம்பி நாமே முடிவு செய்ய வேண்டாம், ரத்தம் வந்திருப்பதைச் சொல்லி டாக்டரைத் தீர்மானிக்க விடுங்கள். அரசு மருத்துவமனையில் தோலில் போடும் ஊசி, முதல் நாள், 3, 7, 28-ம் நாள் என்று போடுவார்கள், ஆரம்பித்தால் நடுவில் விடக்கூடாது. பாட்டி மேல் கோபப்படாதீர்கள், அந்தக் காலத்தில் அவருக்குக் கிடைத்த மருந்து அதுதான்.

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு 13 வயது. எழுந்திருக்கவே திணறுகிறது, சில நாள் படுத்த இடத்திலேயே சிறுநீர். ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். என்னால் முடியவில்லை. – வாசகி, மதுரை

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருந்தது, வீடு முழுக்க மொசைக் தரை என்று. முதலில் அங்கிருந்து ஆரம்பிப்போம். வயதான நாய் எழ முயலும்போது பின்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும், நாலு முறை விழுந்த பிறகு எழ முயல்வதையே விட்டுவிடும். வெளியே போக முடியாமல் படுத்த இடத்திலேயே சிறுநீர் கழிக்க அதுவே காரணமாக இருக்கலாம். சுந்தரிக்கு 14 வயதில் இப்படித்தான் ஆனது. படுக்கையிலிருந்து தண்ணீர்ச் சட்டி வரை, அங்கிருந்து வாசல் வரை கோணிச்சாக்கை மடித்து விரித்தேன், பாதத்துக்கு அடியில் வளர்ந்திருந்த முடியை வெட்டிவிட்டேன். அன்று சாயங்காலமே தானாக எழுந்து வாசல் வரை போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு ஏழு மாதம் எங்களோடு இருந்தது.

மூட்டு வலிக்கு நாய்களுக்கென்றே மருந்து உண்டு, மருத்துவரிடம் வலியைப் பற்றித் தனியாகக் கேளுங்கள், வயசாகிவிட்டது என்று மட்டும் சொன்னால் இன்னொருவரிடம் காட்டுங்கள். உடம்பு எடை கூடியிருந்தால் சோற்றைக் குறையுங்கள். அப்புறம், சுவரில் மாட்டியிருக்கிற காலண்டரில் தினமும் இரவு ஒரு குறி போடுங்கள், நன்றாகச் சாப்பிட்டு, உங்களைப் பார்த்து வாலசைத்த நாளுக்கு ஒரு குறி, வலியில் முனகிக்கொண்டே கிடந்த நாளுக்கு வேறு குறி. மருந்து கொடுத்தும், மோசமான நாள்கள் அதிகமாகிக்கொண்டே போனால், அப்போது அந்த ஊசியைப் பற்றி யோசிக்கலாம், அது பாவமில்லை. அப்படி ஒரு நாள் வந்தால், வெளியே போய் நிற்காதீர்கள், அதன் தலை உங்கள் மடியில் இருக்கட்டும். நான் சுந்தரியோடு அப்படித்தான் இருந்தேன், என் கை அதன் காதுக்குப் பின்னால் இருந்தது.

இன்று சாக்கை விரித்துப் பாருங்கள். பத்து நாள் கழித்து எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.