நாய் கடித்து ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது, இன்னும் வழக்குப் போடலாமா?

பக்கத்து வீட்டு நாய் கடித்ததற்கு இப்போது நஷ்டஈடு கேட்கலாமா என்கிறீர்கள். கடித்தது எந்த ஊரில் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் வழக்குப் போடுவதற்கான கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: டென்னசியில் 1 வருடம்தான், அங்கே என்றால் பெரும்பாலும் கதை முடிந்தது. கலிபோர்னியாவில் 2, நியூயார்க்கில் 3. இங்கிலாந்திலும் 3, கடிபட்டது குழந்தையென்றால் அங்கே 18 வயதிலிருந்துதான் கணக்கு.

பொதுவாகக் கடிபட்ட அன்றே கெடு ஓடத் தொடங்கிவிடும், தையல் பிரித்த நாளிலிருந்து அல்ல. பலர் கோட்டை விடுவது நாய்க்காரரின் இன்சூரன்ஸ்காரரிடம். அவரோடு பேச்சு நடப்பதால் மட்டும் கெடு நிற்காது. “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்று இழுத்தே நாளைக் கடத்திவிடுவார்கள்.

கடித்தது போலீஸ் நாயா? கலிபோர்னியாவில் 6 மாதத்துக்குள் சம்பந்தப்பட்ட அரசு அமைப்பிடம் எழுத்தில் கோரிக்கை கொடுத்திருக்க வேண்டும்.