டாக்டர் சார், ரெண்டு வயசுக் குதிரையில பங்கு வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர் சார். எனக்கு 46 வயசு, கோவையில பம்ப் செட் உதிரி பாகம் பண்ற சின்ன யூனிட் வச்சிருக்கேன். காலேஜ் ஃப்ரெண்ட் ஒருத்தன் பெங்களூர்ல ரேஸ் குதிரையில பங்கு வாங்கலாம்னு கூப்பிடுறான். நாலு பேர், ஆளுக்கு 4 லட்சம், அதுக்கப்புறம் மாசா மாசம் தீனி, டிரெய்னர் செலவு தனி. பெண் குட்டி, வர்ற மார்ச்ல ரெண்டு வயசு முடியுது. போய்ப் பார்த்தேன், கழுத்தைத் தடவிக் குடுத்தா என் சட்டைப் பட்டனைக் கடிச்சு விளையாடுது, ஆசையாத்தான் இருக்கு. ஆனா ப்ளஸ் ஒன் படிக்கிற என் பொண்ணு ஏதோ வீடியோவைக் காட்டி, "அப்பா இது எல்.கே.ஜி. பிள்ளையை மாரத்தான் ஓட விடுற மாதிரி, எலும்பே முத்தலை, ஜல்லிக்கட்டுக்கு கோர்ட்டு வரைக்கும் போனாங்க, இதுக்கு ஏன் யாரும் போகலை"ன்னு கேட்கிறா. ஃப்ரெண்டோ "சின்ன வயசுல ஓடினாத்தான் எலும்பு கெட்டியாகும், இது சயின்ஸ்டா"ங்கிறான். யார் சொல்றது சரி?
(பெயர் வேண்டாம், கோவை)

பதில்: தம்பி, உங்க பொண்ணு சொன்ன எல்.கே.ஜி. கணக்கு கொஞ்சம் ஓவர், உங்க ஃப்ரெண்ட் சொன்னது பாதி கிளாஸ்ல எழுந்து வந்தவன் சொல்ற சயின்ஸ்.

கோர்ட்டு விஷயத்தை முதல்ல முடிச்சுடறேன். குதிரை ரேஸுக்கும் கோர்ட்டுக்குப் போயிருக்காங்க. 1974-ல தமிழ்நாட்டுல ரேஸை நிறுத்தச் சட்டம் வந்துச்சு, அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 1996-ல, ரேஸ்ங்கிறது சூதாட்டம் இல்லை, திறமை சம்பந்தப்பட்டதுன்னு தீர்ப்பாச்சு. அதாவது அந்த கேஸ் பூரா பந்தயம் கட்டுறவனோட பர்ஸைப் பத்தினது, குதிரையோட காலைப் பத்தி இல்லை. ஜல்லிக்கட்டுல கேள்வியே மாட்டைப் பத்தினதுதான். பொண்ணு கேட்டது நியாயமான கேள்வின்னு சொல்லிடுங்க.

இப்போ எலும்புக்கு வருவோம். ரேஸ்ல ஓடுற தரோப்ரெட் குதிரை ரெண்டு வயசுல கிட்டத்தட்ட முழு உயரம் வந்துடும், எல்.கே.ஜி. எல்லாம் இல்லை, மீசை அரும்பி அப்பா செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய போற ஒம்பதாங்கிளாஸ் பையன்னு வச்சுக்கங்க. பார்க்க ஆளா இருப்பான், உள்ள வேலை நடந்துட்டே இருக்கும். எலும்பு முனையில வளர்றதுக்குன்னு ஒரு குருத்தெலும்புத் தகடு இருக்கு, வளர்ச்சி முடிஞ்சா அது எலும்பாவே மாறி மூடிக்கும். குதிரைக்கு இது காலோட அடியில இருந்து மேல போகும், கணுக்கால் பக்கம் முதல் வருஷத்துக்குள்ளயே மூடிடும், முன்னங்கால் முட்டிக்கு மேல இருக்கிறது ரெண்டு ரெண்டரை வயசாகும், முதுகெலும்புக்கு அஞ்சு வயசுக்கு மேல. அதனாலதான் விவரமான டிரெய்னருங்க குட்டியை வேகமா ஓட்டுறதுக்கு முன்னாடி முட்டியை எக்ஸ்ரே எடுத்து மூடிடுச்சான்னு பார்ப்பாங்க. உங்க குட்டிக்கு எடுத்தாங்களான்னு கேளுங்க, அங்கயே பாதி விஷயம் தெரிஞ்சுடும்.

அதுக்காக அஞ்சு வயசு வரைக்கும் லாயத்துல கட்டிப்போட்டு தீனி போட்டா கால் இரும்பாயிடும்னும் நினைக்காதீங்க. அங்கதான் உங்க ஃப்ரெண்ட் சொல்றதுல விஷயம் இருக்கு. எலும்பு எவ்வளவு வேலை வாங்குறோமோ அதுக்குத் தகுந்த மாதிரி தன்னைக் கட்டிக்கும். அமெரிக்காவுல பென்சில்வேனியா யுனிவர்சிட்டில டேவிட் நூனமேக்கர்னு ஒரு கால்நடை சர்ஜன், இந்த இளம் குதிரைகளோட முன்னங்கால் எலும்பை வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணவர். முட்டிக்குக் கீழ நீளமா இருக்கிற எலும்போட முன்பக்கம் வீங்கி வலி எடுக்கும், ரேஸ்காரங்க ஷின் சோர்னு சொல்வாங்க, அங்க டிரெய்னிங்ல இருக்கிற ரெண்டு வயசுக் குதிரைகள்ல 70 சதவீதம் வரைக்கும் இது வருதுன்னு கணக்கு. அவர் கண்டுபிடிச்சது என்னன்னா, மெதுவா ரொம்ப தூரம் ஓட்டுறதுதான் பாதுகாப்புன்னு எல்லாரும் நினைச்சது தப்பு, கொஞ்ச தூரம், நல்ல வேகம், வாரத்துல ஒண்ணு ரெண்டு தடவை, படிப்படியா ஏத்தினாதான் அந்த எலும்பு வேகத்துக்குத் தகுந்த வடிவத்துக்கு வருது. இன்னொண்ணும் சொல்றேன், உங்க பொண்ணுக்குப் பிடிக்காது, ஆனா உண்மை. அமெரிக்காவுல 2009-ல இருந்து ரேஸ்ல ஏற்படுற சாவைக் கணக்கு எடுக்குறாங்க, அதுல 2 வயசுக் குதிரைகளோட விகிதம் பெரிய குதிரைகளை விடக் கம்மியாத்தான் இருக்கு.

உடனே ஃப்ரெண்டுக்கு ஃபோனைப் போட்டுடாதீங்க, இருங்க. அந்தக் கணக்குல ரேஸ் அன்னிக்கு ஓடின குதிரைதான் வரும். காலைல பயிற்சியில கால் போனது, வலின்னு திருப்பி அனுப்பினது, ரேஸ் பக்கமே வராம நின்னு போனது எதுவும் அதுல இல்லை. ரெண்டு வயசுல ஓடுறதே தேறி வந்ததுங்கதானே, நல்ல கால் உள்ளதை மட்டும் எண்ணிட்டு கால் நல்லா இருக்குன்னா எப்படி.

அப்புறம் எலும்பு தன்னைக் கட்டிக்கிற விதமே கொஞ்சம் விவகாரமானது. பழைய சுவரைப் பலப்படுத்தணும்னா முதல்ல விரிசல் விட்ட பகுதியை இடிச்சு எடுக்கணும், அப்புறம்தான் புதுசு கட்டலாம், இல்லையா. எலும்பும் அப்படித்தான், நுண்ணிய விரிசல் விழுந்த பழசை முதல்ல கரைச்சுடும், புதுசு வந்து நிரம்புறதுக்கு வாரக்கணக்கு, மாசக்கணக்கு ஆகும், அந்த இடைவெளியில அந்த இடம் சல்லடை மாதிரி இருக்கும். வெளிய ஒண்ணும் தெரியாது, ரோமம் பளபளன்னு இருக்கும், குதிரை துள்ளும். ரெண்டு மூணு மாசம் ரெஸ்ட் குடுத்துட்டு நேரா பழைய வேகத்துக்குக் கொண்டு போனாலும் இதே ஆபத்துதான். கலிஃபோர்னியாவுல 1990-ல இருந்து ரேஸ் மைதானத்துல சாகுற ஒவ்வொரு குதிரையையும் போஸ்ட்மார்ட்டம் பண்றாங்க, எலும்பு முறிஞ்சு செத்ததுல பெரும்பாலானதுக்கு அதே இடத்துல ஏற்கனவே பழைய காயம் இருந்துருக்கு. திடீர்னு உடைஞ்சுடுச்சு சார்னு சொல்றது பல நேரம் திடீர் இல்லை, யாரும் பார்க்கலை, இல்லேன்னா பார்த்தும் வாயைத் திறக்கலை.

பார்த்ததையும் ஏன் சொல்லலைன்னா, காலண்டர். வட பகுதி நாடுகள்ல எல்லா ரேஸ் குதிரைக்கும் ஜனவரி 1-தான் பிறந்த நாள், நம்ம நாட்டுலயும் அப்படித்தான், உங்க குட்டிக்கு நிஜத்துல மார்ச்ல ரெண்டு முடிஞ்சாலும் பேப்பர்ல ஜனவரியிலயே ரெண்டு. ஜனவரியில பிறந்ததும் மே மாசம் பிறந்ததும் ஒரே வரிசையில நிக்கும், இந்த வயசுல நாலு மாசம்ங்கிறது பெரிய வித்தியாசம். அதனால சீக்கிரம் குட்டி வேணும்னு குளிர்காலத்துல தாய்க் குதிரை லாயத்துல ராத்திரி லைட்டைப் போட்டு, கோடை வந்துடுச்சுன்னு அதோட உடம்பையே ஏமாத்தி சினைக்கு விடுவாங்க. ஆஸ்திரேலியாவுல ஆகஸ்ட் 1 பிறந்த நாள், அங்க சிட்னியில கோல்டன் ஸ்லிப்பர்னு 1200 மீட்டர் ரேஸ், 1957-ல இருந்து நடக்குது, 2 வயசுக் குதிரைக்கு மட்டும், பரிசு 50 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். அவ்வளவு பணத்தை ரெண்டு வயசு மேல கட்டி வச்சுட்டு, எந்த ஓனர்கிட்ட போயி அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு சொல்றது. நம்ம இந்தியன் டெர்பி பிப்ரவரியில மும்பை மகாலட்சுமியில 4 வயசுக் குதிரைகளுக்கு நடக்குது, அமெரிக்காவோட கென்டக்கி டெர்பியிலயும் இங்கிலாந்தோட எப்சம் டெர்பியிலயும் 3 வயசுல ஓட விட்டுடறாங்க, இந்த ஒரு விஷயத்துல நம்மாளுங்க கொஞ்சம் பரவாயில்லை.

அவசரத்துக்கு ஒரு கதை சொல்றேன். 2006 பிப்ரவரி, ஃப்ளோரிடாவுல ஏலம். வாங்க வர்றவங்க பார்க்கட்டும்னு ஏலத்துக்கு முன்னாடி குட்டிங்களை முழு வேகத்துல ஒரு ஃபர்லாங், அதாவது 200 மீட்டர், ஓட விட்டுக் காட்டுவாங்க. தி கிரீன் மங்கின்னு ஒரு குட்டி, ரெண்டு வயசு அப்போதான் முடிஞ்சுருக்கு, 9.8 செகண்ட்ல ஓடிடுச்சு. 1 கோடியே 60 லட்சம் டாலருக்குப் போச்சு. அப்புறம் அடிபட்டு, அடுத்த வருஷம்தான் முதல் ரேஸே. மொத்தம் 3 ரேஸ், ஒண்ணுல கூட ஜெயிக்கலை, சம்பாதிச்சது 10,440 டாலர். பத்து செகண்ட் கூட இல்லை பாருங்க.

நானும் ஒண்ணு கண்ணால பார்த்தேன். வேலைக்கு சேர்ந்த புதுசு, ஊர் பேர் வேண்டாம், ஒரு லாயத்துக்கு அப்பப்போ போய்ட்டு வருவேன். அங்க குதிரையைப் பார்த்துக்கிற ஆள் ஒருத்தர், லாயத்துல சைஸ்னு சொல்வாங்க, வயசு அறுபது இருக்கும், தினம் விடியக்காலையில புறங்கையை குதிரையோட முன்னங்கால் எலும்பு மேல மேல இருந்து கீழ வரைக்கும் வழுக்கிட்டே போவாரு, உள்ளங்கை காய்ச்சுப்போயிருக்கும் சார், அதுக்குச் சூடு தெரியாதும்பாரு. ஒரு நாள் ரெண்டு வயசு ஆண் குட்டி ஒண்ணு, கையை வச்சவர் அப்படியே நிறுத்திட்டு, "சூடு இருக்கு சார், தொட்டா காலை இழுக்குது"ன்னாரு. நானும் தொட்டேன், இடது காலுக்கும் வலது காலுக்கும் நல்லாவே வித்தியாசம். டிரெய்னர்கிட்ட சொன்னோம். ஞாயித்துக்கிழமை ஓனர் ஃபேமிலியோட வர்றாரு, ஒரு ஸ்பர்ட், அதாவது கொஞ்ச தூரம் முழு வேகத்துல ஓட்டி மட்டும் காட்டிட்டு ரெஸ்ட் குடுத்துடலாம்னுட்டாரு. ஞாயித்துக்கிழமை குட்டி ஓடுச்சு, நல்லாத்தான் ஓடுச்சு, குழந்தைங்க கை தட்டினாங்க. திங்கக்கிழமை அந்தக் காலைக் கீழ ஊன முடியலை. எக்ஸ்ரேயில முடி மாதிரி கோடு. சாகலை, ஆனா ரேஸ் அதோட முடிஞ்சுது. நான் இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாம், சொல்லலை, வேலைக்குப் புதுசு.

கால் உடைஞ்சா மாவுக்கட்டு போட்டு சரி பண்ண முடியாதான்னு உங்க பொண்ணு கேட்பா, எல்லாரும் கேட்கிறதுதான். 450, 500 கிலோ உடம்பு, முட்டிக்குக் கீழ சதையே கிடையாது, ரத்த ஓட்டமும் கம்மி, மனுஷன் மாதிரி மாசக்கணக்கா படுத்திருக்கவும் முடியாது. மூணு கால்ல நின்னா நல்லா இருக்கிற காலுக்குச் சுமை ஏறி குளம்புக்குள்ள நோவு வந்துடும். 2006-ல கென்டக்கி டெர்பி ஜெயிச்ச பார்பரோவுக்கு ரெண்டே வாரத்துல அடுத்த ரேஸ்ல பின்னங்கால் உடைஞ்சுது, பெரிய ஆபரேஷன், எட்டு மாசம் போராடினாங்க, கடைசியில மத்த குளம்புங்க கெட்டுப்போய் 2007 ஜனவரியில ஊசி போட்டு உயிரை முடிச்சுட்டாங்க. 1975-ல ரஃபியன்னு ஒரு பெண் குதிரை, அதுவரைக்கும் தோத்ததே இல்லை, ரேஸ்ல கால் உடைஞ்சு, ஆபரேஷன் முடிஞ்சு மயக்கம் தெளியுறப்போ இன்னும் ஓடிட்டே இருக்கிற மாதிரி காலை உதைச்சு மாவுக்கட்டை உடைச்சுக்கிச்சு, அதுக்கப்புறம் ஒண்ணும் பண்ண முடியலை. அது ரெண்டுமே 3 வயசு.

குறைக்க முடியாதுன்னு நான் சொல்லலை. அமெரிக்காவுல 2009-ல ஆயிரம் ஓட்டத்துக்கு 2 குதிரை செத்துச்சு, 2022-ல ஹிசான்னு தேசிய அளவுல ஒரு பாதுகாப்பு அமைப்பு வேலையை ஆரம்பிச்சது, அதோட கண்காணிப்புல இருக்கிற மைதானங்கள்ல 2024-ல 0.90-க்கு வந்துருச்சு. மந்திரம் ஒண்ணும் இல்லை, ரேஸுக்கு முன்னாடி டாக்டர் காலைப் பிடிச்சுப் பார்க்கணும், மூட்டுக்குள்ள ஸ்டீராய்டு ஊசி போட்டா 14 நாள் ரேஸ்ல ஓடக்கூடாது, இந்த மாதிரிதான். வலியை மறைச்சு ஓட்டுறதை நிறுத்தினாலே பாதி பிரச்சனை போயிடுது. வலி இருந்தா குதிரை தானா வேகத்தைக் குறைச்சுக்கும், ஊசியைப் போட்டு அந்த ஒரு பாதுகாப்பையும் நாமதான் பிடுங்குறோம்.

சரி, உங்க 4 லட்சம். வாங்காதீங்கன்னு சொல்ல மாட்டேன், இந்தக் குட்டி ஏற்கனவே பிறந்தாச்சு, நீங்க இல்லேன்னா வேற யாராவது வாங்குவாங்க, அந்த யாராவது உங்களை விட அவசரக்காரரா இருக்கலாம். ஆனா பேப்பர்ல என்ன எழுதுறீங்கன்னு பாருங்க. நாலு பங்குதாரர்ல மூணு பேர் ஓடட்டும்ங்கிறாங்க, டாக்டர் வேண்டாம்ங்கிறாரு, அப்போ யார் பேச்சு செல்லும்? டாக்டர் பேச்சுன்னு எழுத ஃப்ரெண்ட் ஒத்துக்கலைன்னா அங்கயே கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. ரெண்டு வயசு பூரா ஒரு ரேஸ் கூட ஓடாம மாசச் செலவு மட்டும் குடுத்துட்டு இருக்க உங்க யூனிட்டுல தெம்பு இருக்கா, அதையும் மனசுல கணக்குப் போட்டுக்கங்க, ஏன்னா பணம் முடைப்படுற ஓனருக்குக் குட்டியோட கால் சூடு தெரியாது, அது கெட்ட எண்ணம்கூட இல்லை, அப்படித்தான் ஆகும்.

ஓட்டம் முடிஞ்சா எங்க போகும்னும் இப்பவே பேசிடுங்க, அஞ்சாறு வயசுல ரேஸ் முடிஞ்சாலும் அதுக்கப்புறம் இருபது வருஷம் கூட உயிரோட இருக்கிற பிராணி. புனேவுல பூனாவாலா குடும்பம் தங்களோட பண்ணையில வயசான குதிரைங்களை சீரம் எடுக்க மும்பை ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட்டுக்குக் குடுத்துட்டு இருந்தாங்க, அதுல இருந்து வந்த யோசனைதான் 1966-ல ஆரம்பிச்ச சீரம் இன்ஸ்டிட்யூட். நம்ம ஊர்ல பாம்புக்கடி மருந்தே குதிரை ரத்தத்துல இருந்துதான் வருது. குதிரைக்குக் கணக்குல வராத கடன் நமக்கு நிறைய இருக்கு, அது வேற கட்டுரை.

கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பொண்ணையும் கூட்டிட்டு காலைல அஞ்சரைக்கெல்லாம் லாயத்துக்குப் போங்க, சாயந்திரம் போனா எல்லாம் குளிப்பாட்டி சீவி வச்சிருப்பாங்க. அந்தக் குட்டியைப் பார்த்துக்கிற சைஸைத் தனியா ஓரமா கூப்பிட்டு, "அண்ணே, கால்ல சூடு இருந்தா யார்கிட்ட சொல்வீங்க, சொன்னா நிறுத்துவாங்களா"ன்னு கேளுங்க. பதில் சொல்றதுக்கு முன்னாடி அவர் திரும்பி யார் மூஞ்சியைப் பார்க்கிறாருன்னு பொண்ணைக் கவனிக்கச் சொல்லுங்க. அப்புறம் பட்டன் வச்ச சட்டை வேண்டாம், டி-ஷர்ட் போட்டுட்டுப் போங்க, பட்டனை முழுங்கி வச்சுதுன்னா அதுக்கு வேற நான் பதில் எழுதணும்.